நாற்பதும் 2.4-உம் 0.67-உம் ஒரே ஓட்டம்தான்: தண்ணீர் ஓடும் அளவை அலகு மாற்றிப் பார்ப்பது எப்படி

வணக்கம் தம்பி. மற்றவர்களும் படித்துப் பயன்பெற, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில். கீழே தரைத் தொட்டி, மேலே 6 மீட்டர் உயரத்தில் 400 கேலன் தொட்டி. திருவிழாவுக்கு முன்பே பம்பு மாற்ற வேண்டும். பட்டணத்தில் மூன்று கடைகளில் விலை கேட்டீர்கள். ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் மணிக்கு 2.4 கன மீட்டர் என்றார், மூன்றாமவர் விநாடிக்கு 0.67 லிட்டர் என்றார். கமிட்டியில் "40 தான் பெரிய எண், அதையே வாங்குவோம்" என்கிறார்கள். அதோடு, மருந்தடிக்கும் பம்பின் நாசிலில், அதாவது மருந்து பீய்ச்சும் முனையில், நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று போட்டிருப்பதை ஹெக்டேர் கணக்குக்கு எப்படிக் கொண்டுவருவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில்: மூன்றும் ஒரே ஓட்டம். ஓட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கடைக்காரர் சொன்னது இன்னொருவர் சொன்னதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது எப்படி என்பதையும், அப்படியானால் வேறு எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஓட்டம் என்பது ஒரு பின்னம். மேலே கொள்ளளவு, கீழே நேரம். இந்த ஒன்று மனத்தில் நின்றால் எந்த வாய்ப்பாடும் தேவையில்லை. மேலே இருப்பதைத் தனியாக மாற்றுங்கள், கீழே இருப்பதைத் தனியாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றப் போகும்போதுதான் 60-ஆல் பெருக்குவதா வகுப்பதா, 1000-ஆல் பெருக்குவதா வகுப்பதா என்று குழப்பம் வருகிறது.

நிமிடத்துக்கு 40 லிட்டரையே எடுத்துக்கொள்வோம். முதலில் நேரம். ஒரு நிமிடத்தில் 40 லிட்டர் என்றால் ஒரு மணியில், அதாவது 60 நிமிடத்தில், 40 × 60 = 2,400 லிட்டர். அதிக நேரம் ஓடினால் அதிகத் தண்ணீர் வரும், ஆகவே எண் பெருகியது சரி. அடுத்து கொள்ளளவு. 1,000 லிட்டர் சேர்ந்தது ஒரு கன மீட்டர், ஆகவே 2,400 லிட்டர் 2.4 கன மீட்டர். அலகு பெரிதானதால் எண் சுருங்கியது, அதுவும் சரி. மூன்றாமவர் சொன்னதற்குப் போக, அதே 40 லிட்டரை 60 விநாடிக்குப் பங்கிடுங்கள்: 40 ÷ 60 = 0.667. அவர் 0.67 என்று எழுதியது கடைசி இலக்கத்தை மேலே தள்ளியதால். 0.67-ஐத் திருப்பி 60-ஆல் பெருக்கினால் 40.2 வரும். அந்த 0.2 லிட்டர் பம்பு தருவதல்ல, எண்ணைச் சுருக்கியதால் வந்தது. கணக்கு நடக்கும்போது இலக்கங்களை வெட்டாமல் வைத்திருந்து, கடைசி விடையில் மட்டும் வெட்டுங்கள்.

ஒவ்வொரு படியிலும் "எண் கூடணுமா, குறையணுமா" என்று கேட்டுக்கொள்வதுதான் காவல். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடுவதை மணிக்கு 0.67 கன மீட்டர் என்று ஒருவர் எழுதினால், மணிக்கு 670 லிட்டர்தானா, நிமிடத்துக்கே 40 ஓடுகிறதே என்று உடனே பிடித்துவிடலாம்.

அடிக்கடி வரும் சில எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. விநாடிக்கு 1 லிட்டர் என்பது நிமிடத்துக்கு 60 லிட்டர், மணிக்கு 3.6 கன மீட்டர், ஒரு முழு நாளுக்கு 86.4 கன மீட்டர். எதிர்ப்பக்கம், மணிக்கு 1 கன மீட்டர் என்பது நிமிடத்துக்கு 16.67 லிட்டர், விநாடிக்கு 0.278 லிட்டர், நாளுக்கு 24 கன மீட்டர். லிட்டர்/நிமிடத்திலிருந்து கன மீட்டர்/மணிக்குப் போக வாய்க்கணக்காகவே ஒரு வழி உண்டு: 6-ஆல் பெருக்கி, புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள். 40 × 6 = 240, ஆக 2.40. 75 × 6 = 450, ஆக 4.50. கடையில் நின்றபடியே போட்டுவிடலாம்.

பம்பின் தகட்டைப் படிப்பதிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. லிட்டருக்கான ஆங்கில எழுத்தைச் சிறிய எழுத்தாகப் பொறித்திருந்தால் அது ஒன்று என்ற எண்ணைப் போலவே தெரியும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1979இல் எடை, அளவைகளுக்கான அனைத்துலகப் பொது மாநாடு பெரிய எழுத்தையும் ஏற்றுக்கொண்டது. பழைய தகடுகளில் இன்னும் சிறிய எழுத்துதான் இருக்கும். இன்னொரு பக்கம், சிறிய 'எம்' போட்ட 'எம்எல்' மில்லிலிட்டர், பெரிய 'எம்' போட்டது மெகாலிட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர். இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

உங்கள் தொட்டி 400 கேலன் என்றீர்கள். 1972ஆம் ஆண்டிலேயே எடை, அளவைச் சட்டம் வந்து நாடு மெட்ரிக்குக்கு மாறியிருந்தாலும், தொட்டி வாங்கப் போனால் நம் ஊரில் இன்றும் கேலன்தான் பேச்சு. இது பிரிட்டிஷ் கேலன், ஒன்றுக்கு 4.546 லிட்டர். இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்க கேலன், 3.785 லிட்டர். உங்கள் தொட்டி 400 × 4.546 = 1,818 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் போட்டால் 1,514 வரும், 304 லிட்டர் காணாமல் போய்விடும். கேலனை முதலிலேயே லிட்டராக்கிவிட்டு அதன் பிறகு அதை மறந்துவிடுங்கள்.

நிமிடத்துக்கு 40 லிட்டர் வந்தால் 1,818 ÷ 40 = 45.45 நிமிடத்தில் தொட்டி நிறையும். இதை 45 நிமிடம் 45 விநாடி என்று படிக்கிறவர்கள் ஏராளம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடத்தின் நூறில் பங்கு. 0.45 × 60 = 27. ஆக 45 நிமிடம் 27 விநாடி. இதே பிழை எதிர்ப்பக்கமும் நடக்கும்: கைப்பேசியில் 1:12 என்று காட்டினால் அதை 1.12 நிமிடம் என்று கணக்கில் போடுவது. 1 நிமிடம் 12 விநாடி என்பது 72 விநாடி, 1.2 நிமிடம். 18 லிட்டர் வாளி அந்த நேரத்தில் நிறைந்தால் சரியான ஓட்டம் நிமிடத்துக்கு 15 லிட்டர், 1.12 என்று போட்டால் 16.07 வரும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நேரத்தை எப்போதும் விநாடியாக்கிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

இனி, மூன்றும் ஒன்றே என்றால் எதை வாங்குவது? தகட்டில் 'கியூ' என்பது ஓட்டம், 'எச்' என்பது பம்பு தண்ணீரை ஏற்றித் தள்ளக்கூடிய உயரம், மீட்டரில். இரண்டும் ஜோடியாகத்தான் பொருள் தரும். கியூ 5–40 லிட்டர்/நிமிடம், எச் 38–5 மீட்டர் என்று இருந்தால், 38 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் வரும், 5 மீட்டருக்குத் தள்ளும்போதுதான் 40 வரும் என்று அர்த்தம். 38 மீட்டருக்கு 40 லிட்டரை இந்தப் பம்பு ஏற்றாது. 'கியூ மேக்ஸ்' என்று ஒரே ஒரு எண் மட்டும் போட்டிருந்தால் அது உயரமே இல்லாமல் ஓடும்போது வருவது. மூன்று கடைக்காரர்களில் ஒருவர் 5 மீட்டரில் வரும் 40-ஐச் சொல்லியிருக்கலாம், இன்னொருவர் உயரமே இல்லாத 40-ஐச் சொல்லியிருக்கலாம். அலகை மாற்றிப் பார்த்தால் மூன்றும் ஒன்று, ஆனால் உங்கள் தொட்டியின் மேல் வாயில் வரும் தண்ணீர் மூன்றிலும் ஒன்றாக இருக்காது.

உங்களுக்கு ஏற்ற வேண்டிய உயரம் 6 மீட்டர், அதோடு குழாயின் உராய்வும் சேர வேண்டும். ஒரு அங்குலக் குழாய், உள்விட்டம் 25 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடினால் வழுவழுப்பான பிவிசியில் ஒவ்வொரு 100 மீட்டர் நீளத்துக்கும் சுமார் 8 மீட்டர் உயரத்துக்குச் சமமான இழப்பு. 20 மீட்டர் குழாய் என்றால் 1.7 மீட்டர், முழங்கை வளைவுகள், வால்வு எல்லாம் சேர்த்து 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 9 மீட்டர். மேலே சொன்ன தகடு போட்ட பம்பு அந்த உயரத்தில் நிமிடத்துக்கு 35 லிட்டர் அளவில் தரும். தொட்டி நிறைய 45 அல்ல, 52 நிமிடம்.

பணம் மிச்சம் என்று அரை அங்குலக் குழாய் போட்டால் கதை வேறு. உள்விட்டம் 15 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு சுமார் 12 மடங்கு. 20 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தைக் குழாயே தின்றுவிடும். அந்த நிலையில் பம்பு 40-ஐத் தரவே முடியாது; ஓட்டம் 30-க்கும் கீழே இறங்கித்தான் நிற்கும். "பம்பு புதுசு, தண்ணி வரலையே" என்ற புகாரில் பாதி இதுதான். தண்ணீரின் வேகத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: லிட்டர்/நிமிடத்தை 21.22-ஆல் பெருக்கி, உள்விட்ட மில்லிமீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 25 மில்லிமீட்டரில் 40 × 21.22 ÷ 625 = 1.36. 15 மில்லிமீட்டரில் 40 × 21.22 ÷ 225 = 3.77. விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் குழாய் சிறிது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பம்பு வைத்த பிறகு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிடுங்கள். ஒரு வாளி, ஒரு தராசு, ஒரு கைப்பேசி போதும். வாளியில் 18 லிட்டர் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், விளிம்புவரை நிறைந்தால் அதைவிட அதிகமாகவே இருக்கும். வெறும் வாளியை நிறுத்துப் பாருங்கள், பிறகு 10 கிலோ தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் மார்க்கர் கோடு போடுங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 996 கிராம் அளவில் இருக்கும், அந்த அரைச் சதவீதத்தைக்கூட எட்டாத வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குழாயின் மேல் வாயிலேயே, தொட்டி உயரத்திலேயே பிடிக்க வேண்டும். கீழே இறக்கிப் பிடித்தால் உயரம் குறைந்து ஓட்டம் கூடிவிடும். முதலில் பத்து விநாடி வெளியே ஓடவிட்டு, காற்றுக் குமிழ் அடங்கிய பிறகு வாளியைச் சட்டென்று உள்ளே நீட்டுங்கள்.

கை அழுத்தும் நேரத்தில் முன்னே பின்னே அரை விநாடி பிசகுவது இயல்பு. வாளி 5 விநாடியில் நிறைந்தால் அந்த அரை விநாடி பத்துச் சதவீதப் பிழை. 30 விநாடி எடுத்தால் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே ஓட்டம் பலமாக இருந்தால் 10 லிட்டர் கோடு வேண்டாம், பெரிய தோம்பை (பீப்பாயை) வையுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். 10 லிட்டருக்கு 27 விநாடி என்றால் 10 ÷ 27 = 0.370 லிட்டர்/விநாடி; 60-ஆல் பெருக்க 22.2 லிட்டர்/நிமிடம், 6-ஆல் பெருக்கி நூறில் வகுக்க 1.33 கன மீட்டர்/மணி.

திருவிழா அன்று இன்னொரு கணக்கும் தேவைப்படும். அன்னதானச் சமையல், பாத்திரம் கழுவ, கை கால் கழுவ என்று 6 குழாய்கள் ஒரே நேரத்தில் திறந்து, ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 8 லிட்டர் போனால் செலவு 48 லிட்டர், பம்பின் வரவு 35 லிட்டர். ஒவ்வொரு நிமிடமும் தொட்டியில் 13 லிட்டர் குறையும். 1,818 ÷ 13 = 140 நிமிடம். காலையில் தொட்டி நிறைந்திருந்தாலும் 2 மணி 20 நிமிடத்தில் காலி. ஆனால் அதற்கு வரவும் செலவும் ஒரே அலகில் இருக்க வேண்டும். பம்பைக் கன மீட்டர்/மணியிலும் குழாயை லிட்டர்/நிமிடத்திலும் வைத்துக்கொண்டு கழித்தால் விடை எதற்கும் உதவாது.

வீட்டுத் தண்ணீர் மீட்டரும் ஓட்டம் அளக்கும் கருவிதான், பலர் அப்படிப் பார்ப்பதில்லை. கறுப்பு எண்கள் முழுக் கன மீட்டர், பில்லில் வருவது அது. சிவப்பு முள்கள் பத்தில், நூறில், ஆயிரத்தில், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 0.0001 என்று எழுதிய கடைசிச் சின்ன வட்டத்தில் ஒரு கோடு நகர்ந்தால் 0.1 லிட்டர், முழுச் சுற்று 1 லிட்டர். வீட்டில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு அந்த முள்ளைப் பாருங்கள். அது 50 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எவ்வளவு? 1 லிட்டர் ÷ 50 விநாடி. ஒரு நிமிடத்துக்கு 1.2 லிட்டர், ஒரு மணிக்கு 72 லிட்டர், ஒரு நாளுக்கு 1,728 லிட்டர், அதாவது 1.728 கன மீட்டர். முப்பது நாளில் 51.8 கன மீட்டர். பார்த்தால் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த முள், மாதக் கடைசியில் பில்லில் 52 அலகாக ஏறி நிற்கும். கட்டணம் படிப்படியாக ஏறுவதால் அந்த 52-உம் பெரும்பாலும் உயர்ந்த படியின் விலையில்தான் வரும். லயன் வீடுகளில் மண்ணுக்குள் போகும் பழைய இரும்புக் குழாய்களில் இதை வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள்.

இப்போது மருந்தடிப்பு. இங்கே ஓட்டத்தின் கீழே இருக்கும் நேரத்தை நிலப்பரப்பாக மாற்ற வேண்டும், அதற்கு நடை வேகமும் மருந்து விழும் அகலமும் தேவை. முதுகுப் பம்பில் சுத்தமான தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், மருந்து வேண்டாம். வழக்கமான அழுத்தத்தில் நாசிலை அளவுக் குவளைக்குள் பிடித்து ஒரு நிமிடம் அடியுங்கள். 600 மில்லிலிட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம், அது 0.6 லிட்டர்/நிமிடம். அடுத்து, காய்ந்த மண்ணில் அடித்துப் பார்த்து நனைந்த பட்டையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்: 1.2 மீட்டர். பிறகு தண்ணீர் நிறைந்த பம்பைச் சுமந்தபடி, உண்மையான நிரைக்குள், ஒரு நிமிடம் நடந்து தூரத்தை அளக்கவும்: 40 மீட்டர். ரோட்டில் நடந்து அளந்தால் வேகம் அதிகமாகவே வரும், காட்டு மட்டையும் வாய்க்காலும் அங்கே இல்லையே.

ஒரு நிமிடத்தில் மூடிய பரப்பு 1.2 × 40 = 48 சதுர மீட்டர். அதில் விழுந்தது 0.6 லிட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 0.6 × 10,000 ÷ 48 = 125 லிட்டர். ஆக இந்த ஆள், இந்த நாசில், இந்த நடை சேர்ந்தால் ஹெக்டேருக்கு 125 லிட்டர். முதுகுப் பம்பின் 16 லிட்டர்த் தோம்பு 16 ÷ 0.6 = 26.67 நிமிடம், அதாவது 26 நிமிடம் 40 விநாடி ஓடும், 0.128 ஹெக்டேரை மூடும். மருந்துப் போத்தலில் ஹெக்டேருக்கு இத்தனை லிட்டர் மருந்து என்று இருப்பதை 0.128-ஆல் பெருக்கினால் ஒரு தோம்புக்கு ஊற்ற வேண்டிய அளவு கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, ஹெக்டேருக்கு 2 லிட்டர் என்றால் ஒரு தோம்புக்கு 256 மில்லிலிட்டர்.

இதில் பிழை வரும் இடம் மூன்று. நடை: அதே ஆள் சாயங்காலம் களைத்துப்போய் நிமிடத்துக்கு 30 மீட்டர் நடந்தால் ஹெக்டேருக்கு 167 லிட்டர் விழும், மருந்தும் அதே விகிதத்தில் கூடும். நாசில்: தேய்ந்த நாசில் வாய் அகன்று அதிகமாகக் கொட்டும். புதிதாக இருந்தபோது 600 வந்தது இப்போது 660 வந்தால், பத்துச் சதவீதம் ஏறிவிட்டது, தூக்கி எறிந்து புதியது போட வேண்டிய கட்டம். ஒரு நாசிலின் விலை கூடுதலாகக் கொட்டும் மருந்தின் விலைக்கு அருகில்கூட வராது. அடைத்த நாசிலைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் அதுவும் வாயைப் பெரிதாக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். வாயால் ஊதக் கூடவே கூடாது.

மூன்றாவது, எதை ஹெக்டேர் என்கிறோம் என்பது. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் மரத்தைச் சுற்றி வட்டம் மட்டும் அடிக்கும்போது முழு நிலமும் நனைவதில்லை. ஹெக்டேருக்கு 136 மரம், ஒவ்வொன்றையும் சுற்றி 2 மீட்டர் ஆர வட்டம் என்றால், ஒரு வட்டம் 12.57 சதுர மீட்டர், மொத்தம் 1,709 சதுர மீட்டர். நிலத்தில் 17 சதவீதம்தான். அடித்த பரப்புக்கு 125 லிட்டர் என்பது நட்ட ஹெக்டேருக்கு 21 லிட்டர் ஆகிறது. இந்த இரண்டு ஹெக்டேரையும் ஒன்றாக நினைத்து ஸ்டோரில் மருந்து எடுத்தால் ஆறு மடங்கு கையில் இருக்கும், மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் எங்காவது கொட்டுவார்கள். வாய்க்காலில் கொட்டினால் அது ஆற்றுக்குத்தான் போகும். கிராணியாரிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) கணக்குக் கொடுக்கும்போது எந்த ஹெக்டேர் என்று எழுதியே கொடுங்கள்.

பெர்த்திகாசி முறையில், அதாவது பையில் நட்ட செடிக்குத் தண்ணீரோடு உரத்தையும் சொட்டுக் குழாயில் விடும் முறையில், மிளகாய் போடுகிறவர்களுக்கு ஒரு வரி. ஒரு பைக்கு ஒரு சொட்டு முனை, அதில் மணிக்கு 2 லிட்டர் என்று இருந்தால் 500 பைக்கு மணிக்கு 1,000 லிட்டர், அதாவது மணிக்கு 1 கன மீட்டர், நிமிடத்துக்கு 16.67 லிட்டர். ஒரு சொட்டு முனைக்கு 33.3 மில்லிலிட்டர்/நிமிடம், மூன்று நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் சேராவிட்டால் அது அடைத்திருக்கிறது.

ஆலை வேலையில் இருப்பவர்களுக்கு அதிகம் தடுக்குவது 'நாள்' என்ற சொல். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் செம்பனை ஆலையில், டன்னுக்கு 0.65 கன மீட்டர் கழிவுநீர் என்று எடுத்தால் மணிக்கு 39 கன மீட்டர். நிமிடத்துக்கு 650 லிட்டர், விநாடிக்கு 10.8 லிட்டர். இதை 24-ஆல் பெருக்கினால் 936 வருகிறது, ஆனால் ஆலை 20 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் நாளுக்கு 780. எதிர்ப்பக்கம், நாளுக்கு 780 என்பதை 24-ஆல் வகுத்து மணிக்கு 32.5 என்று பம்பு வாங்கினால், ஆலை ஓடும் நேரத்தில் குழி மணிக்கு 6.5 கன மீட்டர் வீதம் நிரம்பி வழியும். மணியிலிருந்து நாளுக்கோ நாளிலிருந்து மணிக்கோ போகும்போது அது கடிகார நாளா, வேலை நாளா என்று கேட்காமல் 24-ஐத் தொடாதீர்கள்.

ஆலையில் டன்/மணி என்றும் ஓட்டத்தைச் சொல்வார்கள். தண்ணீருக்கு மணிக்கு 1 டன் என்பது மணிக்கு 1 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க்கு அப்படி முடியாது. சூடான கச்சா பனை எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு 0.89 டன் அளவில்தான் இருக்கும், ஆகவே மணிக்கு 10 டன் எண்ணெய் என்பது 11.2 கன மீட்டர். பம்பும் குழாயும் கொள்ளளவைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது.

மழைக்கு எளிய வழி உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது சரியாக 1 லிட்டர். கோயில் கூரை 12 × 8 மீட்டர், 96 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழை நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர், ஆகவே கூரையிலிருந்து நிமிடத்துக்கு 96 லிட்டர். அடித்துப் பெய்யும் சில நிமிடங்களுக்கு அது இரண்டு மடங்காகும்: 192 லிட்டர்/நிமிடம், 3.2 லிட்டர்/விநாடி. உங்கள் பம்பின் 40-ஐப் போல ஐந்து மடங்கு. மழைநீர் பிடிக்கத் தொட்டி வைத்தால் வழிந்தோடும் குழாயைப் பம்புக் குழாயின் அளவில் போட்டுவிடாதீர்கள்.

செய்தியில் வரும் பெரிய எண்களுக்கும் இதே வழிதான். பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு மலைக்கடியில் 44.6 கிலோமீட்டர் நீளத்தில் குடைந்த நீர்ச் சுரங்கம் நாளொன்றுக்கு 1,890 மில்லியன் லிட்டருக்காகத் திட்டமிடப்பட்டது. மலாய் அறிவிப்பில் 'ஜூத்தா லிட்டர் செஹாரி' என்று இருப்பது இதே அலகு. விநாடிக்கு 1 கன மீட்டர் என்பது நாளுக்கு 86.4 மில்லியன் லிட்டர், ஆகவே 1,890 ÷ 86.4 = விநாடிக்கு 21.9 கன மீட்டர். உங்கள் பட்டியலிலுள்ள பம்பு விநாடிக்கு 0.67 லிட்டர், இது விநாடிக்கு 21,900 லிட்டர்.

கமிட்டிக்குச் செய்ய வேண்டியது இதுதான். மூன்று கடைகளுக்கும் திரும்பப் போய், "மொத்தம் 9 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும்?" என்று ஒரே கேள்வியை, ஒரே அலகில் கேளுங்கள். பம்போடு வரும் கையேட்டில் ஒரு வளைகோடு இருக்கும். கடைக்காரர் எதிரிலேயே 9 மீட்டரில் விரல் வைத்து நேராகப் போய், கோட்டைத் தொட்ட இடத்தில் கீழே என்ன எண் என்று பாருங்கள். அடியில் கன மீட்டர்/மணி என்று இருந்து 2.1-இல் வந்து நின்றால் 2.1 × 1,000 ÷ 60 = 35 லிட்டர்/நிமிடம். அந்த மூன்று எண்களையும் விலைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து கூட்டத்தில் வையுங்கள்.